அரைச் சுற்றுத் தப்பு

அத்தியாயம் 9

“இந்த ஒயரையெல்லாம் கழட்டி மாட்டினது யாரு?” என்று சர்வேயரம்மா காரின் பானெட்டுக்குள் குனிந்தபடியே உரக்கக் கேட்டார்.

“என்னைப் பார்த்துக் கேக்காதீங்கக்கா, எனக்கு லைட்டு பல்பு மாட்டவே தெரியாது. எங்க ஏரியாவுல ஒருத்தன் இப்படித்தான் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டான். அதுக்கு அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா? ‘வண்டி ஓடுதா ஓடலையாங்கறது முக்கியமில்ல சார், வண்டிக்குள்ள...’”

உதவியாளன் ரேடியோ ஆரம்பித்த அந்த ஜோக் எப்படி முடியும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே இரும்பு கடகடவென்று உருள ஆரம்பித்தது. சரிவுப் பாதை வழியாகக் கொட்டகைக்குள் விழுந்திருந்த பிற்பகல் வெயில் இடுப்பளவுக்குச் சுருங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, பிறகு தரையோரம் விரல் தடிமனுக்கு ஒரு கோடாக நின்றுவிட்டது. கூடவே குழல்விளக்கும் போனது.

ரேடியோ ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினான். நாலு தடவை அழுத்தினான். கோபத்தில் சிவப்பையும் அழுத்திப் பார்த்தான். ஷட்டர் அசைய மறுத்தது. வீட்டுக்கு ஏறும் மாடிப்படிக் கதவு பின்சுவரில் இருந்தது. அதைத் தோளால் இடித்தான். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தான். தரைக்குக் கீழே இருந்த அந்தக் கொட்டகையில் சிக்னல் என்பது மருந்துக்கும் இல்லை.

“அக்கா, நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க.”

“தெரியுது. போன்ல டார்ச் இருக்குல்ல, அதை இந்தப் பக்கம் காட்டு.”

சர்வேயரம்மா தலையை நிமிர்த்தக்கூட இல்லை. இருபத்திரண்டு வருடம் விபத்து வண்டிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஒன்பது வருடம் ஆகியும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. அதே ஒன்பது வருடமாக அவருக்கு உதவியாளனாக இருப்பவன் ரேடியோ. வயது நாற்பதைத் தாண்டியவன், தலையில் பாதி வழுக்கை, வாய் மட்டும் மூடியதில்லை. பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் இந்தப் பொந்துக்குள் வந்து சேர்ந்த கதையை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

பல் டாக்டர் ஒருவர். மேலே வீடு, நடுவில் கிளினிக், கீழே இந்தக் கார் கொட்டகை. கொட்டகையில் அவருடைய அப்பா காலத்துக் கார் ஒன்று. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி. அதன் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவரை ஊரே ‘டைமிங்’ என்றுதான் கூப்பிடும். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே நூலளவு சரிசெய்கிற மெக்கானிக். கட்டிய வண்டி மூன்று வாரம் தேனாக ஓடியது. ஐந்து நாளைக்கு முன் ஒரு காலையில் டாக்டர் சாவியைத் திருப்பினார். வெடிச்சத்தம் கேட்டது, பானெட்டுக்குள் தீப்பிடித்தது. ஆசை வண்டியாயிற்றே, வெறுங்கையால் அடித்து அணைத்தார். இரண்டு கையும் மணிக்கட்டுவரை வெந்துவிட்டது.

“சாவியைத் திருப்பினேன், அவ்வளவுதான். வேற எதையும் நான் தொடல,” என்று டாக்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார். வண்டியைப் பார்த்த அதிகாரி, ‘ஒயர்கள் எல்லாம் புத்தகப்படி சரியாக இருக்கின்றன; ஆகவே பெட்ரோல் கசிவு; மெக்கானிக்கின் அலட்சியம்’ என்று எழுதினார். டாக்டரின் மச்சினன் புகார் கொடுத்தான். நாலு நாளாக டைமிங் கம்பிக்குப் பின்னால். இன்று மாலை ஐந்து மணிக்கு மறுபடி நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கார் அதற்கும் முன்னால், நாலு மணிக்கே, பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிவிடும். ‘இந்தச் சனியன் வீட்டுல இருக்கவே கூடாது’ என்று மச்சினன் ஒரே பிடிவாதம்.

டைமிங்கின் மனைவி இன்று காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். அவர் சொன்னது கொஞ்சம்தான்.

“கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரும்மா. ‘நான் விட்டப்ப ஓடிச்சு’ன்னு அதையே சொல்றாரு. என்னமோ ஒண்ண மறைக்கறாரு, அது எனக்குத் தெரியுது. ஆனா அது தப்பு பண்ணவர் முகம் இல்லம்மா. கூச்சப்படறவர் முகம்.”

மச்சினனிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி அரை மணி நேரம். கதவைத் திறந்துவிட்டவன் இப்போது எங்கே என்று தெரியவில்லை. செல்போன் இரண்டே முக்கால் காட்டியது.

“சந்தேகமே இல்லக்கா, மச்சினன்தான். உள்ள விட்டவன் அவன், பூட்டினவனும் அவன். நாலு மணிக்கு இரும்புக்காரன் வந்து வண்டியோட சேர்த்து நம்மளையும் நசுக்கி, தகரமாக்கி வித்துடுவான். உங்களுக்காவது நல்ல வெயிட்டு, விலை போவீங்க. என்னை எவன் வாங்குவான்?”

“மச்சினர் பைக் கிளம்பிப் போற சத்தம் உனக்குக் கேக்கல?”

“எப்போ?”

“நீ ஜோக் ஆரம்பிச்சப்போ. ஷட்டர் அதுக்கப்புறம்தான் இறங்குச்சு.”

ரேடியோ டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினான். மச்சினன் இல்லையென்றால் மேலே இருப்பது யார்? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட டாக்டர் ஊசி போட்டுக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார்கள். டாக்டரின் மனைவி மருந்து வாங்கப் போயிருக்கிறார். கிளினிக் ஐந்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. சுவர்கள் நாலடி முன்னால் நகர்ந்து வந்தது போல் இருந்தது. ஒருமுறை லிஃப்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டதிலிருந்து ஜன்னல் இல்லாத அறை என்றாலே அவனுக்கு ஆகாது. பயந்துவிட்டான். அதை மறைக்கத்தான் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ பேசிக்கிட்டே இரு,” என்றார் சர்வேயரம்மா.

“என்னது?”

“பேசு. நிறுத்தாத. சத்தமாவே பேசு.”

ஒன்பது வருடத்தில் அவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. ‘கொஞ்சம் மூடறியா’ என்பதையே காலை வணக்கமாகக் கேட்டுப் பழகியவனுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பேசினான். லிஃப்ட் கதையில் ஆரம்பித்தான். பேசியபடியே அவர் சொன்னதையெல்லாம் செய்தான்.

கழற்றி வைத்திருந்த பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று மட்டும் சொன்னது. ஐந்து நாளில் பேட்டரி இளைத்துப் போயிருந்தது. “பரவால்ல, பொறிக்கு இது போதும்,” என்று சர்வேயரம்மா பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை ரப்பர் மிதியடியால் சுற்றிப் பிடித்து இரும்பருகே நீட்டினார். ரேடியோ கிராங்க் கம்பியை வண்டியின் முகத்தில் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். சட்டென்று நீலமாக ஒரு பொறி தாவியது.

“பொறி இருக்கு. பெட்ரோல் இருக்கு, பிளக்கு நனைஞ்சிருக்கு பாரு. குழாய்ல எங்கயும் கசிவு இல்ல. அப்புறம் ஏன் வெடிச்சுது?”

“அதுக்கும் எங்க வீட்டுக்காரி மாதிரி, காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்லையோ என்னமோ.”

“பொறி வருது, ஆனா வரவேண்டிய நேரத்துல வரல. மறுபடி சுத்து, மெதுவா. கட்டைவிரலைக் கம்பியில சுத்திப் பிடிக்காத. திருப்பி உதைச்சா விரல் போயிடும்.”

அவர் முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தன் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். ரேடியோ சுற்றினான். ஒரு கட்டத்தில் காற்று ‘புஸ்’ஸென்று அவர் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறியது. “நிறுத்து!” என்றார். முதல் சிலிண்டர் வெடிக்கத் தயாராக இருக்கிற இடம் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற சட்டி அது. உள்ளே சுழலும் ரோட்டார் இப்போது மூடியில் ‘1’ என்று பொறித்திருந்த முனையைக் காட்ட வேண்டும்.

அது நேர் எதிர்ப்பக்கம், நாலாம் நம்பர் ஒயர் செருகிய முனையைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அரைச் சுத்து தப்பு,” என்றார் சர்வேயரம்மா மெல்ல. “எஞ்சினைக் கட்டும்போது இந்தச் சட்டியை அரைச் சுத்துத் தள்ளி இறக்கியிருக்காங்க. வாசல் திறந்திருக்கற சிலிண்டர்ல பொறி விழும். உள்ள போற பெட்ரோல் பத்திக்கிட்டு கார்புரேட்டர் வழியா வெளியில துப்பும். அதான் தீ.”

ரேடியோ கிராங்க் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். எஞ்சினைக் கட்டியது டைமிங். சட்டியை இறக்கியதும் டைமிங். யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவருக்கு எதிராகவே சாட்சி கண்டுபிடித்தாகிவிட்டது. வாசலில் நின்ற அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

“அப்போ நம்ம ஆளுதானாக்கா?”

“பேச்சை நிறுத்தாத. லிஃப்ட்டு என்னாச்சு?”

“லிஃப்ட்டு நாசமாப் போச்சு. நம்ம ஆளுதானான்னு கேட்டேன்.”

அவர் அவனைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். “சட்டி அரைச் சுத்துத் தப்புன்னா இந்த வண்டி மூணு வாரம் எப்படி ஓடிச்சு?”

ரேடியோ மறுபடி அந்தச் சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“இந்தச் சட்டி ஒரு தபால்காரர்னு வெச்சுக்க. நாலு வீடு. தபால்காரர் தெருவைத் தலைகீழா நினைச்சுக்கிட்டு வர்றார். ஒண்ணாம் வீட்டுக் கடுதாசியை நாலாம் வீட்டுல போடறார். திருத்தணும்னா என்ன பண்ணலாம்?”

“தபால்காரரை மாத்தலாம்.”

“அதுக்கு மறுபடி பாதி எஞ்சினைக் கழட்டணும். சுலபமா?”

“வீட்டுக் கதவுல இருக்கற நம்பரை மாத்திடலாம்.”

“அதைத்தான் டைமிங் பண்ணியிருக்கார். ஒயர் நாலையும் எதிரெதிரா மாத்திச் செருகிட்டார். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாப் போச்சு. வண்டி தேனா ஓடிச்சு. இப்ப ஒயரைப் பாரு.”

ரேடியோ பார்த்தான். ஒன்றும் நாலும் துணி காயப்போடும் கொடியைப் போல் விறைத்து நின்றன. பிளக்கின் மேல் ரப்பர் உறைகூட முழுதாக உட்காரவில்லை.

“டைமிங் ஒயரை அளந்து வெட்டறவர். விரக்கடை கூடாது, குறையாது. அவர் வெட்டின ஒயர் எட்டலன்னா, அவர் மாட்டின இடம் இது இல்ல. அவருக்கப்புறம் யாரோ நாலையும் கழட்டி, மூடியில போட்டிருக்கற நம்பர்படி, புத்தகத்துல இருக்கற மாதிரியே ஒழுங்கா மாட்டியிருக்காங்க. தப்பே இல்லாம.”

“தப்பே இல்லாம மாட்டினதாலதான் தப்பாச்சா?” ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். “கொல்றதுக்குன்னே இப்படியும் ஒருத்தன் வழி கண்டுபிடிப்பானா?”

“கெடுக்க வந்தவன் பெட்ரோல் குழாயை அறுத்துட்டுப் போயிருப்பான். இவர் கிளிப்பெல்லாம் வரிசையா போட்டு, முனையெல்லாம் பஞ்சால துடைச்சிருக்கார். வண்டி மேல ஆசை இருக்கறவர். மெக்கானிக்கை விடப் புத்தகத்தை நம்பறவர்.”

சுவரலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. அந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு. கண்ணாடித்தாள் அட்டை போட்டு, ஒரு கறைகூட இல்லாமல். கொட்டகையில் அதைத் தவிர மற்ற எல்லாப் பொருளிலும் எண்ணெய்க்கை பட்டிருந்தது. சர்வேயரம்மா புரட்டினார். ஒயர் வரிசைப் படம் இருந்த பக்கத்தில் அடையாளத்துக்காக ஒன்று செருகியிருந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ஃபிலிம். டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

கடைவாய்ப் பல் ஒன்று, வேரோடு தெரிந்தது.

“ஐயோ,” என்றான் ரேடியோ. “டாக்டரேதானா? தன் கையைத் தானே...”

“‘சாவியைத் தவிர எதையும் தொடல’ன்னார். ஷட்டர் இறங்கறதுக்கு முன்னாடி நான் என்ன கேட்டேன்?”

“ஒயரைக் கழட்டி மாட்டினது யாருன்னு.”

“கதவடியைப் பாரு. திரும்பாம பாரு.”

மாடிப்படிக் கதவுக்குக் கீழே மெல்லிய வெளிச்சம் இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் வெளிச்சம் இல்லை. இரண்டு கால்கள். அதுவரை பெட்ரோல் நெடியில் தெரியாத தீக்காயக் களிம்பின் வாசனை இப்போது ரேடியோவின் மூக்குக்கும் எட்டியது. இவ்வளவு நேரமும் அவர் அங்கேயே நின்று இவன் உளறலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“கதவைத் தட்டி, ‘டாக்டர், எல்லாம் தெரிஞ்சுபோச்சு’ன்னு சொல்லிடலாமே?”

“சொன்னா இன்னும் பயந்து மேல ஓடிடுவார். நாலு மணிக்கு மச்சினர் வந்து நம்மளைத் துரத்திட்டு வண்டியை ஏத்திடுவார். அப்புறம் வெறும் போட்டோவை வெச்சுக்கிட்டு எந்த நீதிபதிகிட்ட பேசறது? அவரே திறக்கணும். அவரே சொல்லணும்.” சர்வேயரம்மா அவன் காதருகே இன்னும் குனிந்து மூன்று வாக்கியம் சொன்னார்.

மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் ரேடியோவின் முகம் தொங்கிப்போனது. “அது மட்டும் என்னால முடியாதுக்கா.”

“முடியும்.”

முதலில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார்கள். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று மூடியில் சாக்கட்டியால் குறித்தார்கள். பிறகு சர்வேயரம்மா ஒன்றை நாலின் இடத்திலும், நாலை ஒன்றின் இடத்திலும், மற்ற இரண்டையும் அதே போல எதிரெதிராகவும் மாற்றிச் செருகினார். ஒன்றும் நாலும் பெருமூச்சு விட்டது போல் தளர்ந்து, அளந்து தைத்த சட்டையாகப் பொருந்தின. பிளக்கின் மேல் ரப்பர் உறை ‘டக்’கென்று உட்கார்ந்தது.

“டைமிங் நம்பரை மாத்தினாருன்னே வெச்சுக்குங்கக்கா,” என்று ரேடியோ முணுமுணுத்தான். “அதை ஏன் மனுஷன் போலீஸ்ல சொல்லல? சொன்னா வெளிய வந்திருக்கலாமே.”

“அவர் பேரு என்ன?”

“டைமிங்.”

“அந்தப் பேரை வெச்சுக்கிட்டு, ‘நான் சட்டியை அரைச் சுத்துத் தப்பா இறக்கிட்டேன், கழட்டச் சோம்பல் பட்டு ஒயரை மாத்தி ஒப்பேத்திட்டேன்’னு எப்படிச் சொல்லுவார்? ஊர்ல இருக்கற அத்தனை மெக்கானிக்கும் சிரிப்பானே.”

கூச்சப்படறவர் முகம் என்று அந்த அம்மா சொன்னது அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. ஒருவர் தெரியாமல் செய்த தப்பைச் சொல்ல வெட்கப்பட்டு உள்ளே இருக்கிறார். இன்னொருவர் சரியாகச் செய்ததாக நினைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். நடுவில் இவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். நினைத்தால் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

“ரெடி,” என்றார் சர்வேயரம்மா சத்தமாக. மணல் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி வைத்தார். “சுத்து!”

“இத்தனூண்டு ரூம்லயா? புகையிலயே செத்துடுவோம்கா!” என்று ரேடியோவும் சத்தமாகவே சொன்னான். சொல்லச் சொன்னதுதான் என்றாலும், குரலில் இருந்த நடுக்கம் சொந்தம்.

கிராங்க் கம்பியை இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். எஞ்சின் ஒருமுறை தும்மியது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். இருமல் இல்லை, திணறல் இல்லை. சுருதி சுத்தமாக ஓடியது. தீயில் பொசுங்கிய பானெட்டுக்குக் கீழே இப்படியொரு உயிரா என்று ரேடியோ வாய்பிளந்து நின்றான். டைமிங் என்ற பேர் சும்மா வரவில்லை.

ஆனால் புகை சும்மா இருக்குமா? பின்னால் குழாயிலிருந்து வந்து கூரையைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. ரேடியோவுக்கு நெஞ்சு அடைத்தது. லிஃப்டாவது பரவாயில்லை, அங்கே காற்றாவது இருந்தது. ஷட்டருக்கு அடியில் தெரிந்த வெயில் கோட்டருகே போய்க் குப்புறப் படுத்து அந்த விரல் அளவு காற்றை உறிஞ்சினான்.

சர்வேயரம்மா நாற்பது எண்ணினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். வந்து அவன் பக்கத்தில் அதே போல் படுத்துக்கொண்டு உதட்டில் விரலை வைத்தார்.

அதுதான் அந்த மூன்றாவது வாக்கியம். ‘எஞ்சின் நின்னதும் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.’

அமைதி. இப்படியொரு அமைதியை ரேடியோ பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நாக்கு நுனியில் ஏழெட்டு வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று நிஜமாகவே நல்ல ஜோக். விழுங்கினான்.

கதவடியில் கால்கள் அசைந்தன.

“ஹலோ?” என்றது ஒரு குரல்.

ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டான்.

“ஏம்மா? தம்பி? தம்பி, ஏதாவது பேசுங்க தம்பி!” குரல் உடைந்தது. “ஐயோ, வண்டியை ஏன் போட்டீங்க? தம்பி!”

கதவில் மெத்தென்று ஏதோ மோதியது. வலியில் ஒரு முனகல். தாழ்ப்பாள் கறகறத்தது, நின்றது. மறுபடி மோதல், மறுபடி முனகல். பிறகு கொஞ்ச நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. அதன்பின் இரும்பு இழுபடும் சத்தம், அங்குலம் அங்குலமாக.

கதவு திறந்தது. பல் டாக்டர் படியில் தடுமாறி உள்ளே வந்து விழுந்தார். ஐம்பத்தைந்து வயது, கசங்கிய பைஜாமா. இரண்டு கையிலும் மணிக்கட்டைத் தாண்டி வெள்ளைக்கட்டு. ஒரு கைக்கட்டின் மேல் சிவப்பு ஊறியிருந்தது. உதட்டில் துரு ஒட்டியிருந்தது. தாழ்ப்பாளைப் பல்லால் கவ்வி இழுத்திருக்கிறார் மனுஷன்.

“நாங்க நல்லா இருக்கோம், டாக்டர்,” என்று சர்வேயரம்மா எழுந்து உட்கார்ந்தார். “மன்னிச்சுக்குங்க. உங்களைத் திறக்க வைக்க வேற வழி தெரியல.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவர் தரையிலேயே சரிந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

“நான் சரியாத்தான்மா மாட்டினேன். புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே. அவன்தான் தாறுமாறா மாட்டி வெச்சிருந்தான்.”

“ஆமா டாக்டர். நீங்க சரியா மாட்டினீங்க. அதனாலதான் பத்திக்கிச்சு.” ஃபிலிமை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அரைச் சுற்றின் கதையை இரண்டே வாக்கியத்தில் சொன்னார்.

கேட்கக் கேட்க டாக்டரின் முகம் வெளுத்துப் போனது. “அப்போ என் கையை நானே...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “முப்பது வருஷமா இந்தக் கை ஒரு தப்பு பண்ணதில்லன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிக்கறேன், மச்சினன் புகாரே கொடுத்துட்டான். எல்லாரும் சுத்தி நின்னு ‘பாவம், டாக்டர்’னாங்க. அப்ப எப்படிம்மா சொல்றது, ஒயரைத் தொட்டது நான்னு? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க ஒயரைப் பத்திக் கேட்டதும் என்ன பண்றேன்னே தெரியல. படிப்பக்கம் இருக்கற ஷட்டர் பட்டனை முழங்கையால அமுக்கிட்டேன். மெயின் சுவிட்சையும் அணைச்சிட்டேன்.”

“நாலு நாளா ஒருத்தர் கம்பி எண்ணிக்கிட்டிருக்கார், டாக்டர். அவர் சம்சாரம் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல.”

டாக்டர் சுவரில் தோளைச் சாய்த்து எழுந்து நின்றார்.

மூன்று பேரும் படியேறினார்கள். மேலே ஹாலில் சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. ஜன்னல் திறந்திருந்தது. ரேடியோ அதன் முன்னால் போய் நின்று மூன்று முறை மூச்சை இழுத்து விட்டான். சிக்னல் வந்தது. சர்வேயரம்மா போலீஸ் நிலையத்துக்குப் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்துப் போனை நீட்டினார். டாக்டரால் அதை வாங்கிப் பிடிக்க முடியாது. ரேடியோதான் வாங்கி அவர் முகத்தருகே பிடித்தான்.

“சொல்லுங்க டாக்டர்,” என்றது இன்ஸ்பெக்டரின் குரல்.

டாக்டர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். மச்சினனின் பைக் வாசலில் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“வாயைத் திறங்க, டாக்டர்,” என்றான் ரேடியோ. “கொஞ்சம்தான் வலிக்கும்.”

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஒயரைக் கழட்டி மாட்டினது நான்தான்,” என்றார். “தீப்பிடிச்சது என்னால. அந்த மெக்கானிக் மேல எந்தத் தப்பும் இல்ல. எங்க வந்து கையெழுத்து போடணும்? கையெழுத்து போட முடியாது. எங்க வந்து சொல்லணும்னு சொல்லுங்க, வர்றேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் யாரிடமோ ஏதோ சொன்னார். இரும்புக்கதவு ஒன்று திறக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டரே பேசினார்.

“டைமிங்கிட்ட சொல்லியாச்சு. அழறாரும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாரு. எனக்குப் புரியல. ஒண்ணாம் நம்பரை எந்தப் பக்கம் போட்டு ஸ்டார்ட் பண்ணீங்கன்னு கேக்கறாரு.”

சர்வேயரம்மா திரும்பி டாக்டரைப் பார்த்தார்.

“எதிர்ப்பக்கம்,” என்றார் டாக்டர் போனைப் பார்த்து. “நீ மாட்டின இடத்துலயே. மூணாவது சுத்துல பிடிச்சுதுப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். ரொம்ப நல்லா ஓடிச்சு.”

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. ரேடியோவுக்குக் கை வலித்தது. ஆனாலும் போனைத் தாழ்த்தாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.